சாரட் வண்டிக்குக் காசு இருந்தது!

2021 ஜனவரி 21-ம் தேதி நடந்த ஊர்வலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. குதிரை பூட்டிய சாரட் வண்டியில் தங்கராசு நடராஜன் நிற்கிறார். மேளம், பட்டாசு, தேசியக்கொடி, தெரு கொள்ளாத கூட்டம். வீரேந்திர சேவாக்கே அந்த வீடியோவைப் பகிர்ந்து சிலாகித்தார். நீங்களும் குறைந்தது நாலு பேருக்காவது அனுப்பியிருப்பீர்கள். கூடவே ஒரு வரியும் எழுதியிருப்பீர்கள்: ‘வறுமையை வென்ற வீரத் தமிழன்!’

எனக்குச் சண்டை நடராஜனோடு அல்ல. அந்த ஒரு வரியோடுதான்.

அப்பா தறிக்கூலி, அம்மா ரோட்டோரம் சிக்கன் பொரித்து விற்றவர், ஐந்து பிள்ளைகள், பந்து வாங்கக் காசில்லை என்று அந்தக் கதையை நாம் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. கண்ணீர் விட்டுக் கேட்கிறோம். கேட்டு முடித்ததும், ‘திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடலாம் சார்’ என்று ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். அந்தத் தீர்ப்பில்தான் மோசடி இருக்கிறது.

வறுமை யாருக்கும் யார்க்கர் போடச் சொல்லித் தராது. அப்படித் தருமென்றால் தாரமங்கலத்திலிருந்து பள்ளிபாளையம் வரை தறிக்கூலி வாங்கும் அத்தனை வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு நடராஜன் வந்திருக்க வேண்டும். வந்தது ஒருவர். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. பாவோடி முடித்து, பாபின் மாட்டி, ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கும் திறமை இருந்ததா? யாருக்குத் தெரியும்! பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லையே.

நடராஜனுக்கு அந்த ஆள் இருந்தார். பெயர் ஜெயப்பிரகாஷ். அதே ஊர்க்காரர். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையனைக் கவனித்து, சென்னைக்கு அழைத்துப் போய், நான்காவது டிவிஷன் லீக்கில் ஆட வைத்தவர். அப்போது நடராஜனுக்கு வயது ஏறத்தாழ 20. ஐ.பி.எல்-லில் நடராஜனின் சட்டை முதுகைப் பார்த்திருப்பீர்கள். அதில் ‘ஜேபி நட்டு’ என்று இருக்கும். அப்பா பெயரின் முதலெழுத்து ‘டி’. பிறகு அந்த ‘ஜேபி’ எங்கிருந்து வந்தது? சொல்லிக் கொடுத்தவர் பெயரை முதுகில் சுமந்துகொண்டுதான் அவர் ஓடி வந்து பந்து போட்டார். கோடிக்கணக்கான பேர் அதை டி.வி-யில் பார்த்தோம். பார்த்துவிட்டு, ‘வறுமை’ என்று எழுதினோம்!

அதற்கு முன்னால் நடந்த இன்னொரு விஷயத்தை இந்தப் புகழ்ப்பாட்டுக்காரர்கள் அவசரமாகத் தாண்டிப் போவார்கள். 2015 ஜனவரியில் நடராஜன் தமிழ்நாடு ரஞ்சி அணிக்கு வந்தார். வங்காளத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சுனில் சுப்ரமணியம், டி.வாசு, எம்.வெங்கட்ரமணா என்று முன்னாள் ஆட்டக்காரர்கள் பக்கத்தில் நின்று கையை, தோளை, கால் வைக்கும் இடத்தைப் பிரித்து மாட்டிச் சரிசெய்தார்கள். அவர்கள் எல்லோரும் பந்து வீசிப் பழகியவர்கள். ஆடி முடித்து, பிறகு சொல்லித் தர வந்தவர்கள்.

யோசித்துப் பாருங்கள். தானாகக் கற்றுக்கொண்ட ஒரு கோணலை 23 வயதில் நிமிர்த்துவது எவ்வளவு பெரிய வேதனை! 13 வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல கோச் இருந்திருந்தால் அது ஒரு வாரத்து வேலை. ‘தானா வளர்ந்த காட்டு மரம்’ என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கு நடராஜன் கொடுத்த விலை அது.

அப்புறம் ஏலம் வந்தது. 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 6 ஆட்டம், 2 விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார வைத்தது. 2020-ல் வாய்ப்புக் கிடைத்தது, 16 விக்கெட். டிவிலியர்ஸின் ஸ்டம்ப்பைப் பறக்கவிட்ட அந்த யார்க்கரை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒரு நாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். சாரட் வண்டி வந்தது.

வண்டி திரும்பிப் போன பிறகு? 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஏப்ரலில் முழங்கால் ஆபரேஷன். அதற்குப் பிறகு இந்தியச் சட்டையை அவர் போடவில்லை. 1 டெஸ்ட், 2 ஒரு நாள் போட்டி, 4 டி20. அவ்வளவுதான் கணக்கு. 2024 ஐ.பி.எல்-லில் 19 விக்கெட் எடுத்து, டெல்லி அணி 10.75 கோடி கொடுத்து வாங்கி, 2025-ல் ஆட வைத்தது இரண்டே ஆட்டம். விளையாட்டுக்காரனின் உடம்பு என்பது கற்பூரம் மாதிரி சார். எரியும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். தட்டு காலியானதும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

இது ஏதோ நம் ஊர்க் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இதே தகராறில் இங்கிலாந்தில் ஒரு விளையாட்டே இரண்டாக உடைந்தது. வருஷம் 1895. ஊர் ஹடர்ஸ்ஃபீல்டு. அதுவும் ஒரு தறி ஊர்தான். நமக்கு இளம்பிள்ளையில் பட்டு, அவர்களுக்குக் கம்பளித் துணி. அந்த வட்டாரத்தில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. ‘இழந்த கூலியையாவது கொடுங்கள்’ என்று வடக்கத்திக் கிளப்கள் கேட்டன. தெற்கே சங்கத்தைக் கையில் வைத்திருந்த கனவான்கள், விளையாட்டு புனிதமானது, அதில் காசு வரக் கூடாது என்றார்கள். வயிறு நிறைந்தவனுக்கு எல்லாமே புனிதம்தான்!

ஆகஸ்ட் 29-ம் தேதி ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட கிளப்கள் கூடி, ‘உங்கள் சங்கமும் வேண்டாம், உங்கள் புனிதமும் வேண்டாம்’ என்று பிரிந்தன. வேலை கெட்ட நாளுக்கு 6 ஷில்லிங் வரை கூலி என்று தீர்மானித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ரக்பி லீக். 1906-ல் 15 பேர் ஆட்டத்தை 13 பேராகக் குறைத்து, தனி விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டார்கள். அந்தக் கனவான்களின் ரக்பி யூனியன் ‘ஆட்டக்காரனுக்குக் காசு கொடுப்பது தப்பில்லை’ என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1995-ல். சரியாக நூறு வருஷம்!

கூலி கொடுத்ததால் இன்னொன்றும் நடந்தது. ஆட்டம் ஒரு தொழில் ஆனது. தொழில் என்றால் அதில் வயதானவனுக்கும் இடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் வெய்ன் பென்னட் என்று ஒருவர். குயின்ஸ்லாந்து போலீஸில் வேலை பார்த்துக்கொண்டே ரக்பி லீக் ஆடியவர். ஆட்டக்காரராகப் பெரிய நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. 1988-ல் பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணி தொடங்கியபோது கோச் ஆனார். அந்த அணிக்கு ஆறு முறை கோப்பை வாங்கித் தந்தார். 2025-லும், 75 வயதில், சிட்னியில் ஒரு முதல்தர அணிக்கு அவர்தான் கோச். ஆடியது சில வருஷம், சொல்லித் தந்தது ஒரு வாழ்நாள். அங்கே அதற்குச் சம்பளம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது.

இங்கே?

ரக்பி மாதிரியே ஆளை ஆள் மடக்கிப் பிடிக்கிற ஆட்டம் நம்மிடமும் இருக்கிறது. கபடி. சேலம், நாமக்கல் பக்கம் பண்டிகைக் காலத்தில் ராத்திரி பஸ்ஸில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் பெரிசாக இருப்பது பரிசு உபயதாரர்களின் முகம். ஆடுகிறவன் படம் ஒன்றுகூட இருக்காது. சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஆடி, விடியற்காலை ஒரு சுழற்கோப்பையும் கொஞ்சம் பணமும் வாங்கி, அதை ஏழெட்டுப் பேர் பங்கு போட்டால் வேன் வாடகை போக என்ன மிஞ்சும்? அன்றைக்குக் கணுக்கால் பிசகினால் அடுத்த பத்து நாள் தறிக்குப் போக முடியாது. அந்தப் பத்து நாள் கூலியை எந்த உபயதாரர் கொடுக்கிறார்? ஹடர்ஸ்ஃபீல்டு தொழிலாளி 1895-ல் கேட்ட அதே கேள்வி, பள்ளிபாளையத்தில் இன்னும் பதில் இல்லாமல் நிற்கிறது.

தர்மராஜ் சேரலாதனைத் தெரியுமா? தஞ்சாவூர்ப் பக்கத்துத் திருச்சனம்பூண்டிக்காரர். 1975-ல் பிறந்தவர். 2016-ல் புரோ கபடியில் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். வயது 41! 2019-ல் ஹரியானா அணிக்கு கேப்டன், 44 வயதில். 2024-ல் தமிழ் தலைவாஸ் அணியில் வியூகம் வகுக்கும் கோச். கையெடுத்துக் கும்பிட வேண்டிய வாழ்க்கை. ஆனால் கணக்கைப் பாருங்கள். புரோ கபடி 2014-ல்தான் வந்தது. அப்போதே அவருக்கு 39. இன்னும் ஐந்தாறு வருஷம் கழித்து வந்திருந்தால் இந்தக் கேப்டனும் கிடையாது, கோச்சும் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் அவர் பெயரே தெரிந்திருக்காது. அவருக்கு முன்னால் ஆடி முடித்தவர்களுக்கு அதுதான் நடந்தது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்றிதழ் வேண்டும். விடிய விடிய ஆடிய மின்னொளிக் கபடிக்கு எந்த அதிகாரியும் மதிப்பெண் போட மாட்டார். 2024-ல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 33 வகை விளையாட்டு உபகரணங்கள் கொண்ட கிட் கொடுத்தார்கள். பாராட்டலாம். அந்தப் பையைத் திறந்து, இதை இப்படிப் பிடி, இப்படி எறி என்று சொல்லித் தருகிற ஆள் 34-வதாக உள்ளே இல்லையே!

இன்னொரு திட்டம் இருக்கிறது. முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம். அதன் முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள்: ‘நலிந்த நிலையிலுள்ள’ முன்னாள் விளையாட்டு வீரர்களுக்கு. வயது 58 ஆகியிருக்க வேண்டும். அதாவது, 35 வயதில் ஆட்டத்தை விட்டவன் 23 வருஷம் காத்திருந்து, நன்றாக நலிந்து, நலிந்ததற்குச் சான்று வாங்கிக்கொண்டு வர வேண்டும். அந்த 23 வருஷமும் அவன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தர ஒரு சம்பளம் கொடுத்திருந்தால் அவன் ஏன் நலியப் போகிறான்?

இதே சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய பையன். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் கண்ணில் பட்டான். உயரம் தாண்ட வந்தான். 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். அந்த உடற்பயிற்சி ஆசிரியர் அன்றைக்கு, ‘நீ ஓரமா உக்காருப்பா’ என்று சொல்லியிருந்தால்? எத்தனை பள்ளிகளில் அப்படித்தானே சொல்கிறார்கள்! தங்கம் வாங்கி வந்த மாரியப்பன், பரிசுப் பணத்திலிருந்து தான் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் தருவதாக அறிவித்தார். நாம் கை தட்டினோம். ஓர் ஏழைத் தாயின் பிள்ளை, அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஒருத்தருக்கும் கூச்சம் வரவில்லை.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றால் தமிழ்நாட்டுக்கு முட்டை, லாரி பாடி, ரிக் வண்டியோடு இன்னொன்றும் ஞாபகத்துக்கு வரும். ‘கோச்சிங்!’ உலகம் முழுக்க கோச் என்றால் விசிலோடு வெயிலில் நிற்கிற ஆள். இங்கே கோச்சிங் என்றால் விடிகாலையிலிருந்து ராத்திரி வரை ஹாஸ்டலில் அடைத்து மார்க் பிழிகிற தொழில். 2017-ல் பிளஸ் டூ ரேங்க் பட்டியல் ஒழிந்தது. அதே வருஷம் நீட் வந்தது. போர்டில் பெயரை மாற்றினார்கள், தொழில் மாறவில்லை. கடன் வாங்கி, நிலத்தை விற்று, தமிழ்நாட்டின் நாலா மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விட்டவர்கள் நாம்தான்.

அட்மிஷன் போடும்போது ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, எத்தனை பேர் மெடிக்கல் போனார்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறீர்களே, விளையாட்டு பீரியட் உண்மையிலேயே நடக்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? டைம்டேபிளில் பி.இ.டி பீரியட் இருக்கும். அந்த நேரத்தில் உள்ளே நிற்பது கணக்கு வாத்தியார். உடற்பயிற்சி ஆசிரியருக்கு வேலை, லேட்டாக வருகிற பையனை கேட்டில் நிறுத்துவது, சுதந்திர தினத்துக்கு அணிவகுப்பு விடுவது. ‘கிரவுண்டு எதுக்குங்க, பையன் மார்க் வாங்கிட்டாப் போதுங்க’ என்று சொல்கிற அதே அப்பாதான், வாட்ஸ்அப்பில் நடராஜன் வீடியோவுக்குக் கீழே பறக்கும் கொடி போடுகிறார். உங்கள் பையன் நீட் எழுத வேண்டும், அடுத்த வீட்டுத் தறிக்காரர் பையன் நாட்டுக்காக ஆட வேண்டும், நீங்கள் கை தட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு!

‘எல்லாரும் நடராஜன் ஆயிட முடியுமா சார்?’ என்று கேட்பீர்கள். முடியாது. அதனால்தான் சொல்கிறேன். ஆயிரம் பேர் ஆடினால் ஒருவர்தான் இந்தியாவுக்குப் போவார். அந்த ஒருவருக்கு ஏலம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. மிச்சம் 999 பேரும் தோற்றவர்களா? ஆட்டம் தெரிந்தவர்கள். அவர்களில் பத்துப் பேரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் பத்து ஊருக்கு கோச் கிடைப்பார்கள். ஜெயப்பிரகாஷ் மாதிரி ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்கள். நாம் அவர்களை ‘வேலை வெட்டி இல்லாம கிரவுண்டே கதின்னு கெடக்கறான்’ என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நடராஜன் இதைப் புரிந்துகொண்டார். நாட்டுக்கு ஆடுவதற்கு முன்பே, ஐ.பி.எல் பணம் கைக்கு வந்த காலத்திலேயே, ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து ஊரில் இலவசமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத் தொடங்கிவிட்டார். அங்கிருந்து வந்த ஜி.பெரியசாமி, 2019 டி.என்.பி.எல் ஃபைனலில் 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்துத் தன் அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் சொந்தமாக ஒரு மைதானமே போட்டார் நடராஜன். தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். ஆட்டத்தை விட்ட பிறகு கோச் ஆனவர்கள் உண்டு. ஆடிக்கொண்டிருக்கும்போதே, முழங்காலைத் தைத்துக்கொண்டு, அடுத்தவனுக்கு கிரவுண்டு போட்டவர் எத்தனை பேர்?

அற்புதம்தான். ஆனால் இந்த இடத்தில் எனக்குக் கை தட்ட வரவில்லை. கோபம்தான் வருகிறது. எத்தனை தறி முதலாளிகள், எத்தனை கல்வி அறக்கட்டளைகள், எத்தனை லாரி அதிபர்கள், எத்தனை ஊராட்சி, நகராட்சி, மன்றம், சங்கம் இருக்கிற சீமை இது! இவ்வளவு பேர் இருக்க, அந்த மைதானத்தை ஏன் தறிக்கூலியின் மகன் போட வேண்டியிருந்தது? வாழப்பாடியில் 2020-ல் ஒரு நல்ல கிரிக்கெட் மைதானம் வந்தது, மறுக்கவில்லை. கபடிக்கு? கைப்பந்துக்கு? உயரம் தாண்ட ஒரு மெத்தைக்கு?

நான் ஸ்டேடியம் கேட்கவில்லை. மாவட்ட, மாநில அளவில் ஆடப் போகிற தொழிலாளிக்கு அந்த நாள் கூலி. 130 வருஷத்துக்கு முன் மில்காரன் வாங்கியது. ஆடி முடித்தவர்களில் சொல்லித் தரத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்து, அந்த 33 பொருள் கிட்டோடு சேர்த்து, பஞ்சாயத்துக்கு ஒருவராக மாதச் சம்பளத்தில் நியமிப்பது. டைம்டேபிளில் எழுதியிருக்கிற பி.இ.டி பீரியடை நடத்துவது. இதில் எது பேராசை?

இந்தப் பங்குனியிலும் ரசீது புத்தகத்தோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். ‘அண்ணா, திருவிழா கபடிப் போட்டி, கோப்பை உபயம் உங்க பேர்ல போட்டுடலாமுங்களா?’ என்று கேட்பார்கள். போடச் சொல்லுங்கள். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் மட்டும், ‘ஏப்பா, போன வருஷம் முட்டி பிசகிப் படுத்தானே ஒரு பையன், அவன் கூலிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?’ என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.